முதுமைக்கு ஓர் ஊழியர்

அமைச்சர் என்னும் சொல் காதில் விழுந்தவுடன் கொடி கட்டிய வண்டியும், மாலையும், மேடையும், ஒலிபெருக்கியுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் மேனாட்டு மொழிகளில் அமைச்சரைக் குறிக்க வழங்கும் 'மினிஸ்தர்' என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ஊழியன், பணிவிடை செய்பவன் என்பதே அதன் முதற்பொருள். பலிபீடத்தில் குருவானவருக்குத் துணை நின்று, மணியடித்து, திராட்சை இரசமும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கும் சிறுவனையும் பழைய இலத்தீன் பூசைப் புத்தகம் இச்சொல்லாலேயே குறித்தது. ஆகவே, ஒரு நாட்டில் இத்தனை அமைச்சர்கள் உளர் என்றால், மக்களுக்கு இத்தனை ஊழியர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர் என்பதே அதன் நேர்ப்பொருள். உழவுக்கு ஊழியர் உண்டு, கல்விக்கு உண்டு, மின்சாரத்துக்கும் சாலைக்கும் உண்டு. முதுமைக்கு ஊழியர் யார்? இக்கேள்வியைச் சில காலமாக நாம் நெஞ்சில் சுமந்து வருகிறோம். குடும்பங்கள்தோறும் படிக்கப்படும் இவ்விதழில் அதனை எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

"பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையன்றோ? நான்காம் கட்டளை அதைத்தானே கற்பிக்கிறது? இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. இதற்கு விடை தேட நாம் சட்டசபைக்குப் போக வேண்டியதில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டினால் போதும்.

திருச்சபை பிறந்து சில காலமே ஆகியிருந்தது. எருசலேமில் நாள்தோறும் நடந்த பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "அவரவர் உறவினர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கைகழுவவில்லை. "எல்லாரும் அன்பாயிருங்கள்" என்று பொதுப்பட அறிவுரை கூறி அனுப்பிவிடவும் இல்லை. நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள்மீது கைகளை விரித்துச் செபித்து, அந்தப் பணிக்கென்றே ஏற்படுத்தினார்கள். முதல் மறைசாட்சியான முடியப்பர் அந்த எழுவருள் ஒருவர். அன்பு எல்லாருடைய கடமையாய் இருந்தும், பொறுப்பு ஒருவருடைய பெயரில் எழுதப்படாவிட்டால், வாய்ப்பேச்சில்லாத கிழவிக்குச் சோறு கிடைக்காது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

புனித சின்னப்பரும் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள கைம்பெண்ணை முதலில் அவர்களே தாங்க வேண்டும்; தன் குடும்பத்தாரைப் பேணாதவன் விசுவாசத்தையே மறுத்தவன். யாருமற்றவளைச் சபை தாங்க வேண்டும். முதலில் குடும்பம்; குடும்பம் இயலாதபோது சமூகம். இந்த இரண்டில் எதை விட்டாலும் முதியவர் நடுத்தெருவில் நிற்பார்.

நம் ஊர் நிலை

புதுவையிலிருந்து கடலூர்ச் சாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். அருகே அரிக்கமேடு, 1945-இல் வீலர் துரை அகழ்ந்து, உரோமையரோடு நம்மவர் நடத்திய வாணிகத்தை உலகறியச் செய்த இடம். பழமையைத் தோண்டியெடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறோம். வீட்டிலிருக்கும் பழையவர்களை என்ன செய்கிறோம்?

நம் ஊரில் மூவகை முதியவர்களைக் காணலாம். பிரெஞ்சுப் படையிலோ உத்தியோகத்திலோ இருந்து, அங்கிருந்து பென்ஷன் பெறும் 'சொல்தா' குடும்பத்தார் ஒரு வகை. பணத்துக்குக் குறைவில்லை, பிள்ளைகள் எல்லாரும் பாரீசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும். பெரிய வீடு, பூட்டிய அறைகள், சுவரில் பேரப்பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்கள். பேரன் தொலைபேசியில் பேசும் பிரெஞ்சு பாட்டிக்குப் புரிவதில்லை. பாட்டியின் தமிழ் பேரனுக்குப் புரிவதில்லை.

ஆலையில் உழைத்து ஓய்ந்தவர்கள் இரண்டாம் வகை. ரோடியர் மில் என்று நம்மவர் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898 முதல் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று 2014-இல் நடுவண் அரசு வரையறுத்தது. சங்கொலி கேட்டு எழுந்து பழகிய அந்தக் கிழவர்கள் இன்னமும் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். போக இடந்தான் இல்லை.

மூன்றாம் வகையினர் மீன் விற்றும், வயலில் களையெடுத்தும், வீட்டுவேலை செய்தும் காலந்தள்ளிய பெண்கள். இவர்களுக்குப் பென்ஷன் என்றால் அரசாங்கம் தரும் முதியோர் உதவித்தொகை ஒன்றே.

இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்த தாய் ஒருவரைச் சில ஆண்டுகளாக நாம் அறிந்திருந்தோம். கணவர் கட்டிய இரண்டு அறை வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்தவர். எழுதிய மறு ஆண்டே அவருடைய கட்டில் திண்ணைக்கு வந்தது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். சாக்குப் படுதா ஒன்று தொங்கும். உள்ளே தொலைக்காட்சி ஓடும் ஓசை கேட்கும். சாப்பாடு வரும், ஆனால் தட்டை வைக்கும் ஓசையிலேயே வைப்பவர் மனம் தெரியும்.

"அம்மா, இதற்கெனச் சட்டம் இருக்கிறது; ஒரு மனு எழுதித் தரட்டுமா?" என்று ஒருநாள் கேட்டோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேணாங்க ஐயா. சுமந்து பெத்தவ நான். என் வாயாலே எப்படிங்க அவன் மேலே பிராது சொல்லுவேன்? நாளைக்கு என்னைத் தூக்கிப் போடப்போறவனும் அவன்தானே!"

இறுதிவரை அவர் மனுக் கொடுக்கவில்லை. பங்குச் சாமியாரும் உபதேசியாரும் மகனிடம் இரண்டு முறை பேசினார்கள். ஒரு மழைக்காலம் மட்டும் கட்டில் உள்ளே போயிற்று. அவர் இறந்தபோது அடக்கப் பூசை சிறப்பாய் நடந்தது. பேண்டு வாத்தியம், பூக்கள் போர்த்திய வண்டி, முப்பதாம் நாள் விருந்து யாவும் குறைவற நடந்தன. எந்த அலுவலகப் பேரேட்டிலும் அவருடைய துயரம் ஒரு வரியாகவும் பதியப்படவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் முதியோருக்கெனத் தனி அமைச்சகம் இல்லை. நடுவண் அரசில் சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகமே இப்பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறது. 1999-இல் முதியோருக்கான தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது. 2007-இல் மீரா குமார் அம்மையார் இத்துறையின் அமைச்சராய் இருந்தபோது, பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் நிறைவேறியது. முதியோர் காரியத்தில் ஓர் அமைச்சர் என்ன செய்ய இயலும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இச்சட்டத்தின்படி, தம் வருவாயைக் கொண்டு வாழ இயலாத பெற்றோர், பாட்டனார், பாட்டியார் ஆகியோர் பிள்ளைகளிடமிருந்தோ பேரப்பிள்ளைகளிடமிருந்தோ பராமரிப்புத் தொகை கேட்கலாம். வருவாய்த் துறையின் உட்கோட்ட அதிகாரி நிலைக்குக் குறையாதவர் தலைமையில் தீர்ப்பாயம் அமையும். மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். தனிக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். மாதத் தொகை 10,000 ரூபாய் வரை விதிக்கப்படலாம். பாதுகாப்பில் உள்ள முதியவரை வேண்டுமென்றே கைவிட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இவற்றைப் பலர் ஓரளவு அறிவர். பலரும் அறியாத இரண்டு செய்திகள் இச்சட்டத்தில் உள்ளன. முதலாவது: மனுவைக் கேட்குமுன் சமரச அதிகாரி ஒருவரிடம் அனுப்பலாம், அவர் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி ஒரு மாதத்துக்குள் இணக்கம் காண முயல்வார். ஆகவே இச்சட்டம் தாயையும் மகனையும் எதிரிகளாக்கும் சட்டமன்று. இரண்டாவது: முதியவர் தாமே மனுச் செய்ய இயலாவிடில், அவர் ஒப்புதல் பெற்ற வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம், யாரும் மனுச் செய்யாதபோதும் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரிக்கலாம். தாயின் வாய் பிராது சொல்லாது என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்தேயிருந்தனர் போலும்!

வீட்டை எழுதிக் கொடுப்போருக்கு மற்றுமொரு செய்தி. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்திருந்து, பெற்றவர் பேண மறுத்தால், அந்த மாற்றம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்க இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அத்தகைய நிபந்தனை இருந்தாலன்றி இப்பிரிவு உதவாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 சனவரியில் வேறொரு வழக்கில், முதியோரைக் காப்பதே நோக்கமாதலால் இச்சட்டத்தைத் தாராளமாய்ப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. எப்படியாயினும், பத்திரத்திலேயே நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுவது அறிவுடைமை. அது அவநம்பிக்கையன்று. திருமணத்தையே திருச்சபை ஏட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கவில்லையா?

'லாம்' என்னும் விகுதி

இத்துணை நல்ல சட்டம் இருக்கத் தனி ஊழியர் எதற்கு? சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்தால் விடை கிடைக்கும். மாவட்டத்துக்கு ஒன்றாவது என்னும் கணக்கில், ஏழை முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. 'அமைக்கலாம்' என்கிறது, 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' என்னும் விகுதியில் எத்தனை முதியோரின் இரவுகள் தொங்கிக் கொண்டிருக்கின்றன! 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று தம் மனத்துக்குள் மாற்றிப் படிப்பவரே நாம் தேடும் ஊழியர்.

இன்னொன்றையும் காண்போம். புதுவையில் முதியோர் உதவித்தொகையை வழங்குவது மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. பெயர்ப்பலகையில் மகளிர் உண்டு, குழந்தைகள் உண்டு, முதியோர் இல்லை. பராமரிப்பு மனுவுக்கு வருவாய்த் துறை. மருந்துக்குச் சுகாதாரத் துறை. ஆலைப் பென்ஷனுக்கு நடுவண் அரசின் வருங்கால வைப்புநிதி அலுவலகம். கண்பார்வை மங்கிய ஒருவர், ஊன்றுகோலோடு, நான்கு வாசல்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நான்கு வாசலிலும் நல்லவர்களே இருக்கக்கூடும். ஆயினும் அந்த ஒருவரை முழு மனிதராய்ப் பார்ப்பவர் எவருமில்லை.

உதவித்தொகையின் வரலாறும் இதனையே காட்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 16-இல்தான் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. நடுவண் அரசு 1995 ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. இன்று அது தரும் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மிச்சத்தை மாநிலங்கள் தம் சக்திக்கேற்பச் சேர்க்கின்றன. அரிசி விலை ஏற, மருந்து விலை ஏற, இந்த 200 ரூபாய் ஆண்டுக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அமைச்சரவைக் கூட்டத்தில் இதற்கென எழுந்து நின்று குரல் கொடுக்க ஒருவர் வேண்டாமா? 70 வயது கடந்த அனைவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. குரல் எழுந்தால் வழி பிறக்கும் என்பதற்கு இதுவும் சான்று.

அமைச்சர் இருந்தும் போதாது

ஆனால் பதவி ஒன்றே எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. நம் ஊரோடு நெருங்கிய தொடர்புடைய பிரான்சு நாட்டைப் பாருங்கள். அங்கு 1981-இலேயே ஜோசெப் பிரான்செஸ்கி என்பவர் முதியோருக்கான அரசுச் செயலராய், அதாவது இளைய அமைச்சர் நிலையில், அமர்த்தப்பட்டார். 2003-லும் அத்தகைய பதவியில் ஒருவர் இருந்தார். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் அடித்த கொடும் வெயிலில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் முதியோர். விடுமுறை மாதம், பிள்ளைகள் கடற்கரைகளுக்கும் மலைகளுக்கும் சென்றிருந்தனர், அடுத்த வீட்டாரும் ஊரில் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்களைச் செப்டம்பர் 3-ஆம் நாள் பாரீசு நகருக்கு அருகே தியே என்னும் இடத்துக் கல்லறையில் அடக்கம் செய்தபோது, நாட்டின் அதிபர் சிராக்கே வந்து நின்றார். பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தில் அதிபர் நின்றார்!

அந்த நாடு அதன்பின் செய்ததையும் சொல்ல வேண்டும். 2004 சூன் 30-ஆம் நாள் ஒரு சட்டம் வந்தது. உழைப்போர் ஆண்டில் ஒருநாள் கூடுதல் ஊதியமின்றி உழைத்து, அதன் பயனை முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் அளிக்க வேண்டும் என்று விதித்தது; அதற்கு முதலில் குறிக்கப்பட்ட நாள் பெந்தேகோஸ்தே திருநாளின் மறுநாளான திங்கட்கிழமை. அத்துடன், தனித்து வாழும் முதியோரில் விரும்புவோர் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் ஏடு ஒன்றை ஊர் நகரத்தலைவர் வைத்திருக்க வேண்டும். வெயிற்காலத்தில் அவர்களை விசாரிக்க வேண்டும் என்றும் வகுத்தது. கோடிக்கணக்கில் பணம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகமும், விசாரிக்க ஒரு மனிதரும் இருந்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதை மரணத்திடமிருந்தல்லவா கற்றுக்கொண்டார்கள்!

நம்மவர் பலர் குடியேறியுள்ள ஆஸ்திரேலியாவிலும் முதியோர் பராமரிப்புக்கென அமைச்சர் உண்டு. அங்குள்ள முதியோர் இல்லங்களின் நிலையை ஆராய 2018-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 2019-இல் தன் இடைக்கால அறிக்கைக்கு இட்ட பெயர் 'புறக்கணிப்பு' என்பது. 2021-இல் இறுதி அறிக்கை வந்தது. 2025 நவம்பர் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. செல்வ நாட்டிலும் முதுமை புறக்கணிக்கப்படும். ஆனால் கேள்வி கேட்க ஒரு பெயரும் பதவியும் இருந்தால், புறக்கணிப்பு வெளிச்சத்துக்கு வரும். நம் அண்டை மாநிலமான கேரளமும் 2025 மார்ச்சில் முதியோர் ஆணையத்துக்கான சட்டத்தை நிறைவேற்றி, இந்தியாவில் இதற்கு முதல்வழி காட்டியிருக்கிறது.

புதுவையின் அமைச்சரவை விரல்விட்டு எண்ணத்தக்க சிறு அவை. தனி அமைச்சர் கேட்பது பேராசையாகலாம். ஆனால் அந்தச் சிலருள் ஒருவரது பொறுப்புப் பட்டியலில் 'முதியோர் நலன்' என்னும் இரு சொற்களைத் தெளிவாகச் சேர்க்கலாமன்றோ? அவர் நான்கு வாசல்களை ஒரு வாசலாக்கலாம். தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரிக்கும் அதிகாரத்தை ஏட்டிலிருந்து எழுப்பலாம். கொம்யூன்தோறும் தனித்து வாழும் முதியோரின் பதிவேட்டைத் திறக்கலாம். ஓட்டுக் கேட்டு வருவோரிடம் சாலையும் தண்ணீரும் கேட்கும் நாம், இதையும் கேட்கலாம்.

நம் வீட்டு வாசலில்

அமைச்சரால் இயலாத ஒன்று உண்டு. திண்ணையில் கிடக்கும் கட்டிலை வீட்டுக்குள் எடுத்துப் போட அவரால் இயலாது. இயேசு பெருமான் பரிசேயரைக் கடிந்துகொண்ட நிகழ்ச்சியை மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் பொறுக்கவில்லை. ஆலயத்துக்குத் தேர்ப்பவனி உபயம் எழுதிவைத்துவிட்டு, தாய்க்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தராதவன் இன்றைய கொர்பான்காரன். "அதுதான் அரசாங்கம் பணம் தருகிறதே" என்று சொல்லித் தப்புகிறவனும் அவனுக்குத் தம்பியே.

பங்குக்கும் ஒரு வேலையுண்டு. அரசாங்கம் இனிமேல் தயாரிக்க வேண்டிய பதிவேடு நம் பங்குகளில் ஏற்கனவே இருக்கிறது. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருவானவர் கையிலுள்ள பட்டியல்தான் அது. எந்தச் சந்தில், எந்த வீட்டில், யார் படுக்கையாய்க் கிடக்கிறார் என்பதை அப்பட்டியல் அறியும். நற்கருணை சென்ற வழியே வாரம் ஒருமுறை நாமும் செல்லலாம். உதவித்தொகை நின்றுவிட்டதா, உயிர்ச்சான்று கொடுக்க வேண்டுமா, மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்கலாம். முதியோர்க்கென 2021 முதல் நாடெங்கும் இயங்கும் 14567 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வரலாம். படித்த இளைஞர்கள் மனு எழுதிக் கொடுக்கலாம். சமரசப் பேச்சுக்குத் துணையாய்ப் போகலாம்.

1839-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் பிரெத்தாஞ் பகுதியில், ழான் ழுகான் என்னும் ஏழைப் பணிப்பெண், பார்வையற்ற மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குச் சுமந்துசென்று, தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். எந்தப் பதவியும் அவருக்கு இல்லை. அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது. ஊழியர் என்னும் சொல்லுக்கு அவர் ஒருவரே போதிய உரை.

திருத்தந்தை பிரான்சிசு 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள், ஆண்டுதோறும் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று, தேவதாயின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாள் திருநாளையொட்டி வருகிறது. அந்த ஞாயிறன்று நம் ஆரோக்கிய அன்னை ஆலயத்தின் முன்வரிசை இருக்கைகளை முதியோருக்கு விட்டுக் கொடுப்போம்; வர இயலாதவர்களைக் கைத்தாங்கலாய் அழைத்து வருவோம். பூசை முடிந்ததும் அவர்களை வீடு வரை கொண்டுபோய் விட்டு, கட்டில் எங்கே கிடக்கிறது என்றும் பார்த்து வருவோம். முதுமைக்கு ஊழியர் யார் என்னும் கேள்வியைக் கோட்டையிடம் உரக்கக் கேட்போம். அதே மூச்சில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். சிலுவையடியில் நின்ற தம் தாயை அன்புச் சீடரின் கையில் ஒப்படைத்த பின்னரே நம் ஆண்டவர் கண்மூடினார் என்பதை மறவாதிருப்போமாக.